சின்ன வெற்றியும் குடும்ப ஆரோக்கியமும்



தைப் பொங்கலன்று புதுப்பானை பொங்கும்போது மனசும் சேர்ந்து பொங்கும். "நாளையிலிருந்து பீடியைத் தொடமாட்டேன். விடியற்காலை எழுந்து நடக்கப் போகிறேன். சாப்பாட்டில் உப்பைக் குறைக்கப் போகிறேன்" என்று ஒரே மூச்சில் மூன்று சபதம் போடுகிற ஆண்பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். வீட்டுக்காரியும் சந்தோஷப்படுவாள். காணும் பொங்கல் முடிவதற்குள் மூன்றும் காற்றோடு போயிருக்கும். அதற்கப்புறம் என்ன நடக்கிறது? "நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது" என்ற எண்ணம் உள்ளே உட்கார்ந்துகொள்கிறது. சபதம் உடைந்ததைவிட இந்த எண்ணம்தான் பெரிய நஷ்டம். அடுத்த வருஷம் சபதம் போடவே கை வராது.

மனசில் தைரியம் வந்த பிறகு நல்ல பழக்கத்தைத் தொடங்கலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். ஆனால் தைரியம் முன்னால் வருவதில்லை. ஒரு சின்னக் காரியத்தைச் செய்து முடித்த பிறகுதான் அது வருகிறது. இந்தப் பாடம் அதைப் பற்றியதுதான்.

பதினொரு புத்திமதி சொல்லி நான் தோற்ற கதை

முதலில் என்னுடைய தப்பையே சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு மருத்துவ முகாம். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிற தறிகள் ஏராளம். காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி அங்கிருந்து எங்கெங்கோ போகிறது. அதை நெய்கிறவர்கள் தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ள நேரமில்லாமல் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

முகாமுக்கு ஒரு தறிக்காரர் மனைவியோடு வந்தார். வயது நாற்பத்திரண்டு. இரத்த அழுத்தம் 164/102 இருந்தது. இது 140/90-க்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு முறை பார்த்து, மறுவாரமும் பார்த்து, டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு நான் ஆரம்பித்தேன். உப்பைக் குறை, ஊறுகாய் வேண்டாம், கருவாடு வேண்டாம், அப்பளம் வேண்டாம், பீடியை நிறுத்து, தினமும் நட, நேரத்துக்குத் தூங்கு, கோபப்படாதே என்று விரல் விட்டு எண்ணினால் பதினொன்று வந்தது. போதாதென்று அடைத்துப்போன இரத்தக் குழாயின் படத்தையும் காட்டிப் பயமுறுத்தினேன். மனுஷன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

மறுமாதம் வந்தார். 160/98. மாத்திரை பாதி அட்டை அப்படியே இருந்தது. நடந்தீர்களா என்று கேட்டேன்.

"சார், தறி ஓடுனாத்தான் கூலி. நான் நடக்கப் போனா தறிய யாரு ஓட்டுவா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பக்கத்தில் நின்ற அவர் மனைவி பொறுமையாக ஒரு வார்த்தை சொன்னார்: "சார், பதினொண்ணு சொன்னீங்க. எங்களுக்கு எதப் புடிக்கிறது, எத விடுறதுன்னே தெரியல. அதுல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மாத்திரையோட சேத்து அத ஒண்ண மட்டும் பாத்துக்கிறோம்."

டிப்ளமோ படிப்பில் எனக்குப் புரியாதது அன்றைக்குப் புரிந்தது. தறிக்காரரிடமே கேட்டேன்: "கரண்ட் போனாலும் சரி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் சரி, எந்த நாளிலும் உங்களால் தவறாமல் செய்ய முடிகிற நடை எவ்வளவு?" யோசித்துவிட்டு, "பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பலாம். பத்து நிமிஷம்" என்றார். சரி, அவ்வளவுதான் என்று எழுதிக்கொண்டேன். போகிற வழியில் டீக்கடையில் உட்காராமல் திரும்ப வேண்டும் என்பது அந்த அம்மாள் போட்ட நிபந்தனை.

அடுத்த தடவை வரும்போது அந்த அம்மாள் ஒரு காலண்டர் தாளைச் சுருட்டி எடுத்து வந்தார். பால் கணக்கு எழுதுகிற அதே மாதக் காலண்டர். நடந்த நாளுக்கெல்லாம் ஒரு கோடு. முப்பது நாளில் இருபத்து மூன்று கோடு இருந்தது. தறிக்காரர் அதை மேஜை மேல் விரித்த விதத்தைப் பார்க்க வேண்டுமே! பள்ளிக்கூடத்துப் பிள்ளை மார்க் அட்டையைக் காட்டுவது மாதிரி. அன்றைக்கு அழுத்தம் 146/92.

பத்து நிமிஷ நடையால் இவ்வளவு இறங்கிவிட்டதா என்றால், இல்லை. நடையால் சில புள்ளிகள்தான் இறங்கும். பெரும் பகுதி மாத்திரையின் வேலை. அந்த மாதம் அவர் மாத்திரையை ஏறக்குறைய விடாமல் சாப்பிட்டிருந்தார். போன மாதம் பாதி அட்டையை மிச்சம் வைத்த மனுஷன் இந்த மாதம் ஏன் ஒழுங்காகச் சாப்பிட்டார்? "கோடு போடுறோம்ல சார், அதோட மாத்திரைக்கும் ஒரு புள்ளி வச்சோம்" என்றார். நடைக்குப் போட்ட கோடு மாத்திரையையும் கூடவே இழுத்து வந்துவிட்டது.

பாம்புக்குப் பயந்தவர்கள்

இது சத்திரப்பட்டியில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை. அமெரிக்காவில் ஆல்பர்ட் பாண்டுரா என்று ஒரு மனவியல் பேராசிரியர் இருந்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். 2021-ல் காலமானார். 1960-களின் கடைசியில் அவர் பாம்பு என்றாலே நடுங்குகிறவர்களை அழைத்து ஒரு சோதனை செய்தார். பாம்பு ஒன்றும் செய்யாது என்று வாயால் சொல்லிக்கொண்டிருக்காமல், படிப்படியாகச் செய்ய வைத்தார்கள். முதலில் கூடத் துணைக்கு நிற்கிறவர் விஷமில்லாத பாம்பைத் தொட்டுக் காட்டுவார். அப்புறம் பயந்தவர் கையுறை போட்டுக்கொண்டு தொடுவார். அதன்பின் வெறும் கையால். கடைசியில் கையிலேயே பிடித்துக்கொள்கிற அளவுக்கு வந்தார்கள். படத்தில் பார்த்தவர்களைவிட, பக்கத்தில் துணையோடு தானே தொட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் பயம் அதிகமாக விலகியது.

(நம் ஊர் வரப்பில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். இங்கே கிடக்கிற கட்டுவிரியனும் நல்ல பாம்பும் வேறு ஜாதி!)

இந்த அனுபவங்களை வைத்து 1977-ல் பாண்டுரா ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை மனுஷனுக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்பதுதான் அதன் விஷயம். பிறர் தட்டிக்கொடுப்பதால் கொஞ்சம் கிடைக்கும். நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் எல்லாவற்றையும்விடப் பலமாக வருவது, தானே செய்து ஜெயித்ததிலிருந்துதான் என்றார் அவர். பயமுறுத்தல் படம் காட்டிய எனக்கு இது நல்ல பாடம். பயம் ஒருவரை ஒரு நாள் நடக்க வைக்கும். மறுநாள் நடக்க வைப்பது நேற்று நடந்த நடை.

எவ்வளவு சின்னதாகத் தொடங்கலாம்?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரை இழுத்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். நிலையில் நிற்கிற தேரை முதல் அடி நகர்த்துவதுதான் கஷ்டம். முன்னால் ஆயிரக்கணக்கானவர் வடம் பிடிக்க, பின்னால் தடி போட்டு நெம்ப, சக்கரம் ஒரு தடவை அசைந்துவிட்டால் கூட்டத்துக்கே தெம்பு வந்துவிடும். அந்தக் காலத்தில் தேர் நிலைக்கு வந்து சேர நாள் கணக்கில் ஆகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்றைக்கு இந்த மூலை வரை, நாளைக்கு அந்த மூலை வரை என்றுதான் இழுத்திருக்கிறார்கள். வீதி நீளத்தைப் பார்த்து மலைத்து வடத்தைக் கீழே போட்டவர் கிடையாது.

நாம் என்ன செய்கிறோம்? முதல் நாளே தேரை நான்கு வீதியும் சுற்றிக் கொண்டுவரப் பார்க்கிறோம். 'தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும்' என்று செல்போனில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. மறுவருஷம் ஜப்பானில் ஒரு கம்பெனி, அடிகளை எண்ணுகிற சின்ன மீட்டர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு வைத்த பெயரின் அர்த்தமே 'பத்தாயிரம் அடி மீட்டர்'. டாக்டர்கள் ஆராய்ந்து சொன்ன அளவு இல்லை அது, ஒரு சரக்கின் பெயர். பின்னால் 2019-ல் அமெரிக்காவில் வயதான பெண்கள் பதினாறாயிரம் பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆராய்ச்சி வெளியானது. தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் கணிசமாகக் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் போனால் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. ஆகவே பத்தாயிரம் முடியாது என்று வீட்டில் உட்காருகிறவர் தேவையில்லாமல் தோற்றுப்போகிறார்.

நம் அரசு 2023 நவம்பர் 4-ல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் வருஷக்கணக்கில் நடக்காதவருக்கு அந்த 8 கிலோமீட்டர் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம். முதல் நாள் பஸ் ஸ்டாப் போதும். பத்து நிமிஷம் இரண்டு வாரம் தவறாமல் நடந்தால், மூன்றாவது வாரம் பதினைந்து நிமிஷம். இப்படிப் போய் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்று வந்துவிட்டால் உலக சுகாதார நிறுவனம் சொல்கிற வாரம் 150 நிமிஷக் கணக்கு சரியாகிவிடும். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுதான் வேகம். நடக்கும்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்தால் அத்தோடு நிறுத்தி டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"நாங்க காட்டுவேலை பாக்குறவங்க, எங்களுக்கு எதுக்கு நடை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. களையெடுத்து, தண்ணீர் பாய்ச்சி, நாள் முழுக்க உழைக்கிறவருக்குத் தனியாக நடை தேவையில்லை. அவர்கள் உப்பிலிருந்து தொடங்கலாம்.

உப்புப் பாக்கெட்டில் தேதி

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்புப் போதும். ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. நம் நாட்டில் சராசரியாக 8 கிராம் வரை சாப்பிடுகிறோம். இதைச் சொன்னால் தாய்மார்கள், "குழம்புக்கு உப்பை யார் நிறுத்துப் போடுவா?" என்று சிரிக்கிறார்கள். நிறுக்க வேண்டாம். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கிற அன்றைக்கு அதன் மேல் பேனாவால் தேதி எழுதி வையுங்கள். தீருகிற அன்றைக்கு நாளை எண்ணுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் 5 கிராம் கணக்குப்படி ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது என்று அர்த்தம். மீன் கழுவ, காய் அலச என்று எடுப்பதும் இதில் சேரும் என்பதால் இது உத்தேசக் கணக்குத்தான். அதுபோல ஊறுகாய், கருவாடு, கடை மிக்சர் இவற்றில் வருகிற உப்பு இந்தக் கணக்கில் சேராது.

உடனே 50-க்குத் தாவ வேண்டாம். அடுத்த பாக்கெட் 35 நாள் வந்தால் அது வெற்றி. அதற்கடுத்தது 40. மெதுவாகக் குறைத்தால் நாக்குக்குத் தெரியாது. சில வாரங்களில் நாக்கு பழகி, பழைய குழம்பை ருசி பார்த்தால் கரிக்கும். மோருக்கும் சாதத்துக்கும் தனியாகப் போடுகிற உப்பை முதலில் விடுங்கள். சாப்பிடுகிற இடத்திலிருந்து உப்பு ஜாடியை அடுப்படிக்கு எடுத்துப் போனாலே பாதி வேலை முடிந்தது. அயோடின் உப்பாகவே வாங்குங்கள்.

இனிப்பு விஷயத்தில் ஒரு வார்த்தை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவை விட்டுவிடு என்று சொல்லி ஜெயித்த சுகாதார ஊழியர் யாரும் இல்லை. நானும் சொல்லப்போவதில்லை. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் டாக்டர் சொன்னபடி கேட்க வேண்டும். மற்றவர்கள் வீட்டுக்கு வாங்குகிற பொட்டலத்தைப் பாதியாக்கினால் போதும். ஆனால் 'இன்றைக்கு நடந்துவிட்டேன்' என்று அதற்குப் பரிசாக நூறு கிராம் பால்கோவா தின்பது மட்டும் கூடாது!

கோடு போடுவதால் என்ன லாபம்?

நல்ல பழக்கத்தின் பலன் கண்ணுக்குச் சீக்கிரம் தெரியாது. பருத்தி விதைத்தால் செடியாவது முளைத்துத் தெரியும். இன்றைக்கு உப்பைக் குறைத்தால் நாளைக்கு உடம்பில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் மனசு விட்டுப்போகிறது. காலண்டரில் போடுகிற கோடு அந்தப் பலனைக் கண்ணுக்குக் காட்டுகிறது. மாதம் ஒரு முறை பார்க்கிற பிரஷர் அளவும் அப்படித்தான். அதை உங்கள் நோட்டில் எழுதி வாங்குங்கள். 'நல்லாருக்கு' என்று வாயால் சொன்னால் போதாது, நம்பரைக் கேளுங்கள்.

எத்தனை நாளில் பழக்கம் படியும்? நம் ஊரில் எதற்கும் ஒரு மண்டலம், 48 நாள் என்று கணக்கு வைப்பது வழக்கம். லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் 96 பேரை வைத்து இதை ஆராய்ந்தார்கள். 2009-ல் வெளிவந்த ஆராய்ச்சி அது. ஒவ்வொருவரும் ஒரு சின்னப் பழக்கத்தைத் தினம் ஒரே சமயத்தில் செய்து வந்தார்கள். யோசிக்காமலே கை அதைச் செய்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளில் வந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. தண்ணீர் குடிப்பது போன்ற லேசான பழக்கம் சீக்கிரம் படிந்தது. உடற்பயிற்சி படிய நாளானது. அந்த ஆராய்ச்சியில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பின்னடைவு ஏதும் வரவில்லை என்பதுதான். விரதம் மாதிரி ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம். தறிக்காரர் காலண்டரிலும் ஏழு நாள் கோடு இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். எல்லோரும் ஏற்கெனவே செய்கிற ஒரு காரியத்தோடு புதுப் பழக்கத்தை முடிச்சுப் போட்டார்கள். பல் விளக்கிய உடனே மாத்திரை, மதியச் சாப்பாடு முடிந்ததும் பழம் என்று. 'நேரம் கிடைக்கும்போது' என்று வைத்தால் நேரம் கிடைக்கவே கிடைக்காது.

கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு

இந்தக் கோடு போடுகிற யோசனை மிகவும் தேவைப்படுகிற இடம், கர்ப்பிணித் தாய் இருக்கிற வீடு. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று வீதம் 180 நாளைக்கு இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். மொத்தமாகக் கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். இரத்தசோகையோடு பிரசவத்துக்குப் போகிற பெண்ணுக்கு, மற்றவர் தாங்குகிற அளவு இரத்தப்போக்கே உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஆகவே மாத்திரை அட்டையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிற விளையாட்டு வேண்டாம், தாயே.

ஏன் ஒளிக்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, 'பிள்ளை கறுத்துப் பிறக்கும்' என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மலம் கறுப்பது சாதாரணம், மாத்திரை உள்ளே போகிறது என்பதற்கு அடையாளம். பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு, ராத்திரி படுக்கப்போகும் முன் சாப்பிடலாம். டீ, காப்பியோடு சேர்க்கக் கூடாது, சத்தை உடம்பில் சேர விடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கோடு போடுகிற வேலை கணவருடையது. தினம் ராத்திரி தண்ணீர்ச் செம்பையும் மாத்திரையையும் நீங்கள் எடுத்துக் கொடுத்து, காலண்டரில் குறியுங்கள். மாதம் ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்க்கும்போது கூடப் போங்கள். 9 கிராம் இருந்தது ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் சுமார் 1 கிராம் ஏற வேண்டும். அந்த ஒரு கிராம் ஏறியதைக் கேட்கும்போது வீட்டுக்காரியின் முகத்தைப் பாருங்கள். ஏறவில்லை என்றால் மாத்திரையைக் குறை சொல்லாமல், காரணம் என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள். 11-க்குக் கீழே இருந்தால் சோகை. 7-க்குக் கீழே போனால் மாத்திரையை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிச் சிகிச்சை வேண்டும்.

பீடிக்காரருக்கு

பீடி விஷயத்தில் உடம்பே சின்ன வெற்றிகளைக் கொடுக்கிறது. கடைசிப் பீடியை அணைத்த 20 நிமிஷத்தில் நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். 12 மணி நேரத்தில் இரத்தத்தில் கலந்த கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சாதாரண அளவுக்கு வந்துவிடும். ஒரு வருஷம் தாண்டினால் மாரடைப்பு அபாயம் குடிக்கிறவருக்கு உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் 'பத்தை ஐந்தாக்கிவிட்டேன்' என்று அங்கேயே நின்றுவிடக் கூடாது. குறைப்பது வழிதான், நிறுத்துவதுதான் ஊர். முழுசாகப் பீடி இல்லாத நாளுக்கு மட்டும் கோடு போடுங்கள். உதவி வேண்டுமானால் 1800-112-356 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

வெற்றியே வில்லங்கமாகும் இடம்

இதைச் சொல்லாமல் பாடத்தை முடித்தால் நான் பாவியாவேன். ராஜபாளையத்தில் மில் தொழிலாளி ஒருவர் எனக்குப் பழக்கம். நாற்பத்து நாலு வயது. நடந்தார், உப்பைக் குறைத்தார், மாத்திரையும் சாப்பிட்டார். 130/80-க்கு வந்தது. எல்லோரும் பாராட்டினோம். 'அதான் குணமாயிருச்சே' என்று அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நாலாவது மாதம், ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து காலையில் படுத்தவர் எழுந்திருக்கும்போது வாய் கோணியிருந்தது. வலது கை தூக்கவில்லை. பேச்சு குழறியது. பக்கவாதம். வீட்டில் எண்ணெய் தேய்த்துப் பார்த்து, மந்திரித்துப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சாயங்காலம் ஆகிவிட்டது. இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். இன்றைக்கு அவர் மனைவி கட்டுத்துணி மடிக்கப் போய்க் குடும்பத்தை நடத்துகிறார்.

நல்ல நம்பர் வந்தது மாத்திரையால்தான். மாத்திரையை நிறுத்தினால் நம்பரும் பழைய இடத்துக்கே போகும். சிறுகச் சிறுகத் தொடங்குவதெல்லாம் நடைக்கும் உப்புக்கும்தான். மாத்திரைக்கு அரை, கால் என்ற கணக்குக் கிடையாது. முதல் நாளிலிருந்தே டாக்டர் சொன்ன முழு அளவு. குறைப்பதும் கூட்டுவதும் டாக்டர் மட்டுமே. வாய் கோணினாலோ, ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போனாலோ, பேச்சு குழறினாலோ அந்த நிமிஷமே 108-க்குப் போன் செய்யுங்கள்.

அந்த மில் தொழிலாளி தனி ஆள் இல்லை. 2020-ல் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வில், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு 7 பேர் அளவுக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. அதை மாற்றத்தான் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். 2024-ல் இதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. வருகிற பெண்ணிடம் மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு அனுப்பிவிடாதீர்கள். காலண்டரைக் காட்டுங்கள். மீந்துபோன மாத்திரை இருந்தால் அதையும் மறைக்காமல் காட்டுங்கள். யாரும் திட்டமாட்டார்கள். திட்டினால் என்னிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் பேச்சு

கடைசியாகக் கணவன் மனைவிக்குள் ஒரு சங்கதி. புதுப் பழக்கம் என்பது முளைக்கிற பயிர் மாதிரி, யார் கால் பட்டாலும் மடங்கும். "ஆமா, பத்து நிமிஷம் நடந்து ஆறாவது மைல் வரைக்கும் போயிட்டீராக்கும்" என்று மனைவி சொல்கிற ஒரு கிண்டல் மறுநாள் நடையை நிறுத்திவிடும். "இதெல்லாம் ஒரு குழம்பா, உப்பில்ல ஒறப்பில்ல" என்று தட்டைத் தள்ளுகிற கணவர், அந்த அம்மாள் பத்து நாளாகப் பாடுபட்டதைப் பத்து விநாடியில் அழித்துவிடுகிறார். மாமியாரும் இந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அவரிடம் முன்கூட்டியே சொல்லி, முடிந்தால் காலண்டரில் கோடு போடுகிற பொறுப்பையே அவரிடம் கொடுத்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இது அருமையாக வேலை செய்தது.

தவறிய நாளில், "ஏன் போகல?" என்று கேட்பதைவிட "நாளைக்கு நானும் வாரேன்" என்பது நல்லது.

சத்திரப்பட்டித் தறிக்காரர் இப்போது அரை மணி நடக்கிறார். அந்த அம்மாளும் கூடவே போகிறார். அளவு 130/84. மாத்திரை தொடர்கிறது. பீடி இன்னும் முழுசாக நிற்கவில்லை. போன மாதம் பீடியில்லாத நாள் பதினொன்று. போன வாரம் பார்த்தபோது அந்த அம்மாள் உப்புப் பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். மேலே தேதி எழுதியிருந்தது. முப்பத்தெட்டாவது நாள், இன்னும் அடியில் ஒரு கை உப்பு இருந்தது.

உங்கள் வீட்டு உப்புப் பாக்கெட்டை இன்றைக்குப் பார்த்துத் தேதியை எழுதுங்கள். அளவுகளைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள், அல்லது 104-க்குப் போன் செய்யுங்கள். மாத்திரை வாங்குகிறவர்கள், தீருவதற்கு ஐந்து நாள் முன்பாகவே தன்னார்வலரிடம் சொல்லிவிடுங்கள்.